ராணி உண்டு, மூடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஸ்கூட்டரை வெளியே தள்ளினால் போதும், என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்திலிருந்து இறக்காமலே கேட்பார், "இண்ணைக்கு யாரு தலையில இடி விழப் போவுது?" வங்கி வேலையை விட்ட பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் இது. பெரிய ரோடு எனக்கு ஆகாது. லாரிக்காரனும் டெம்போக்காரனும் ஆரனடித்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள். சானல் வாய்க்காலின் கரை, குளத்தங்கரை, ரப்பர் தோட்டத்தின் ஊடே போகிற ஒற்றைவழி, இதெல்லாம்தான் என் பாதை. வழியில் யாராவது ஒரு சாதாரண மனுஷர் அகப்படுவார். அவருக்குள் ஒரு கதை இருக்கும். அதைக் கேட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவேன். சோறு ஆறிப்போயிருக்கும்.

முதலில் எனக்கு இந்த வேலை தெரியவில்லை. நேராகவே போய், "இந்த ஊர்ல விசேஷமான ஆளு யாராவது உண்டா?" என்று கேட்பேன். உடனே என்னை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் வாசலில் இரண்டு சிங்கம் உட்கார்ந்திருக்கிற கல்ஃப்காரர் வீட்டுக்கு. அவர்களும் பாவம், மேடையில் பேசுவதுபோலத் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்கள். எனக்குக் கொட்டாவி வரும்.

அதனால் கதை கேட்பதை விட்டுவிட்டு வழி கேட்க ஆரம்பித்தேன். நன்றாகத் தெரிந்த ஊருக்கும் வழி கேட்பேன். எங்கள் பக்கத்தில் வழி சொல்வது சின்னக் காரியம் இல்லை. எங்கேயிருந்து வருகிறாய், யார் வீட்டுக்கு, கோயிலுக்கு இந்தப் பக்கமா சர்ச்சுக்கு அந்தப் பக்கமா, இன்னாருக்கு நீ என்ன வேணும் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் வழி வெளியே வரும். அதற்குள் ஒரு சாயா வந்துவிடும். சாயா வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும். இப்படித்தான் சிதறால் மலையடிவாரத்தில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். பிறந்தது முதல் அந்த மலைக்குக் கீழேயே இருக்கிறாள், ஒரு நாள் கூட மேலே ஏறியதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது அங்கதானே இருக்கு, எங்க போயிரப் போவுது" என்றாள். வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இந்த மாசியில் கீரிப்பாறைப் பக்கம் போனேன். தை மாதம் முழுக்க இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்ற ரப்பர் மரங்கள் அப்போதுதான் தளிர்விட்டிருந்தன. தளிர் இலை பச்சையாக இருக்காது, செம்பு நிறத்தில் இருக்கும். வெயில் அதன் வழியாக இறங்கி ரோட்டில் விழும்போது பால் விடாத கட்டன்சாயாவுக்குள் வண்டி ஓட்டிப் போகிற மாதிரி இருந்தது. காற்று இல்லை, ஆள் இல்லை. எங்கிருந்தென்று தெரியாத ஒரு ரீங்காரம் மட்டும் தலைக்கு மேலே வந்துகொண்டே இருந்தது. என் வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து நிறுத்தினேன். வண்டி அணைந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றேன். தூங்கிவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

அடுத்த வளைவில் ஒரு சாயாக்கடை. எஸ்டேட் பஸ் நின்றுகொண்டிருந்தது. ரப்பர்ப் பால்வெட்டு முடித்த பெண்கள் வாளியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கீரிப்பாறைக்கு வழி கேட்டேன்.

"போர்டு அந்தா நிக்கி. வாசிக்கத் தெரியாதா டீச்சரே?" என்றார் கடைக்காரர்.

ஸ்கூட்டரில் வருகிற, கண்ணாடி போட்ட, தலை நரைத்த பெண்கள் எல்லாரும் எங்கள் மாவட்டத்தில் டீச்சர்தான். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அந்த ரீங்காரம் என்ன என்று கேட்டேன். தேனீ என்றார்கள். வாளிக்காரி ஒருத்தி சொன்னாள், "தேன் வேணும்னா இந்த இறக்கத்துல போங்க. போன்ல தேனீ வளக்க வீடு ஒண்ணு உண்டு."

போனில் தேனீ. என் வீட்டுக்காரரின் ஆறிய சோற்றை அந்த நிமிஷமே மறந்துவிட்டேன்.

வீடு ஒரு குழிவான இடத்தில் இருந்தது. எல்லாச் சன்னலுக்கும் கொசுவலை. வாசலுக்கும் வலை அடித்த இன்னொரு கதவு. நைட்டிக்கு மேலே ஆம்பிளை முழுக்கைச் சட்டையும் தோளில் ஒரு துவர்த்துத் துண்டுமாக ஒரு அம்மாள் வந்து கதவைத் திறந்தாள். என் வயதுதான் இருக்கும். "சட்டுனு உள்ள வாங்க டீச்சரே, கதவ அடைக்கணும்" என்றாள். இங்கேயும் டீச்சர். சரி, போகட்டும் என்று உள்ளே போனேன்.

உள்ளே, கிழக்குச் சன்னலை ஒட்டிப் போட்ட நாற்காலியில் அவள் வீட்டுக்காரர் இருந்தார். ஒல்லியான, முகம் நிறையச் சிரிப்புள்ள மனுஷர். உள்ளங்கையில் ஒரு பழைய பட்டன் போன். அந்த வீட்டில் சன்னலோரத்தில் மட்டும்தான் டவர் கிடைக்குமாம். நான் உட்காருவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலையின் காம்பிலிருந்து வருகிறது என்றார். எனக்கு எந்த ஊர் என்று கேட்டார், நான் வாயைத் திறப்பதற்குள் தன் தாத்தா ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அடுத்த ஆளைப் பேசவே விடமாட்டார் போலிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே வந்தது. கதை கேட்க வந்தவளுக்கு இந்த எரிச்சல் ஆகாதுதான். ஆனால் வந்தது.

அவர் சொன்னது இது. சின்ன வயதிலிருந்தே தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். கொட்டு வாங்காத நாள் கிடையாது, ஒன்றும் செய்ததில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலையில் கழுத்தில் ஒரே ஒரு ஈ கொட்டியது. நாக்கு வீங்கியது, கண் அடைத்தது, மூச்சு நின்று நின்று வந்தது. எஸ்டேட் ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பிழைத்த பிறகு டாக்டர் சொன்னாராம், உம்முடைய உடம்பு மாறிவிட்டது, இனி ஒரு கொட்டு விழுந்தால் இங்கே வந்து சேரமாட்டீர்.

"பெட்டியெல்லாம் யாருக்காவது குடுத்துரச் சொன்னாவ எல்லாரும்" என்றாள் அந்த அம்மாள், சாயா டம்ளரை என் கையில் வைத்துக்கொண்டே. "குடுத்தா இவிய இருக்க மாட்டாவ. கொட்டுல சாகாம இதுல செத்திருப்பாவ."

அவள் மண்டைக்காட்டுக்காரி. கடல் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஒரு ஈ வீட்டுக்குள் வந்தால் போர்வையை மூடிப் படுத்துக்கொள்வாளாம். அந்த மனுஷிதான் பெட்டிகளையெல்லாம் வீட்டை விட்டுத் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். பிறகு புருஷனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் போனோடு, அவளே இறங்கினாள். அவர் சன்னலோரத்தில் உட்கார்ந்து போனில் சொல்லிக் கொடுத்தார்.

"சொல்லியா குடுத்தாவ? ஒரே ஏச்சு. பைய தூக்கு ஏட்டி, சட்டத்தை நேரா தூக்கு ஏட்டி, கழுதையவா தூக்குகன்னு. நான் அங்க நிண்ணு அழுவேன், இவிய இங்க இருந்து கத்துவாவ. தோட்டத்து ஆளெல்லாம் வேலைய விட்டுட்டு வேடிக்கை பாக்கும்."

அவர் அவள் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறக்காமலே உள்ளே ராணி ஈ இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பெட்டியின் பக்கப் பலகையில் விரல் முட்டியால் ஒரு தட்டு. ராணி இருந்தால் 'உம்' என்று ஒரு சத்தம் எழும்பி உடனே அடங்கிவிடும். ராணி செத்துப்போயிருந்தால் அடங்காது, அழுகிற மாதிரி இழுத்துக்கொண்டே போகும். அவள் தட்டிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டுப் போனைப் பெட்டியோடு சேர்த்துப் பிடிப்பாள். அவர் இங்கேயிருந்து கேட்டுச் சொல்லுவார். ராணி இல்லாத பெட்டிக்கு வேறு பெட்டியிலிருந்து முட்டையுள்ள தேனடை ஒன்று எடுத்து வைக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டமே அழிந்துவிடும். தளிர்விடுகிற இந்த மாசியில் தினமும் இந்தச் சோதனை நடக்க வேண்டும்.

"அப்ப மண்டைக்காட்டுக் கொடைக்கு?" என்று கேட்டேன். அந்த அம்மன் கோயில் திருவிழாவும் மாசியில்தான். அந்த ஊரில் பிறந்தவர்கள் எங்கிருந்தாலும் அன்றைக்கு வந்துவிடுவார்கள்.

"போறதில்ல டீச்சரே." அவள் குரல் இறங்கிவிட்டது. "ஒரு தடவை பக்கத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தா வீட்டுல ஆளில்ல. பெட்டியில காதை ஒட்டி வச்சிட்டு நிக்காவ. தலையில வலை கிடையாது. கழுத்துல ஈ நடக்குது. நான் கத்தினா இவிய திரும்புவாவ, திரும்பினா கொட்டும். மெள்ள, மெள்ள பேரைச் சொல்லி... அண்ணைக்கு முடிவு பண்ணினேன், இனி இந்த வீட்டுப் படிய விட்டு எறங்க மாட்டேன்னு. கொட்டு மேளத்தைத் தங்கச்சி போன்ல போட்டுக் காட்டுவா. அது போதும்."

அது போதாது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. 

மத்தியானம் தாண்டி, பெட்டி பார்க்கிற நேரமானது. நானும் வருகிறேன் என்றேன். எனக்கு ஒரு சட்டையும் தலைக்கு வலையும் கிடைத்தன; அவள் வலை போடுவதில்லையாம். ஓடையைத் தாண்டிச் சரிவில் ஏறினோம். அங்கே அந்த ரீங்காரம் காதில் கேட்பதைவிட உடம்பில் கேட்டது. செம்புத் தளிர் வழியாக வெயில் சாய்ந்து விழ, அதற்குள் ஈக்கள் பொடிப்பொடியாக மின்னிக்கொண்டு ஏறி இறங்கின. தரையில் காலே படாத மாதிரி இருந்தது எனக்கு. திரும்பிப் பார்த்தால் கீழே வீடும், சன்னல் வலைக்குப் பின்னால் அவர் உருவமும் தெரிந்தன.

அவள் முதல் பெட்டியைத் தட்டினாள். 'உம்' என்று எழும்பி அடங்கியது. போனை ஒட்டிப் பிடித்து, "கேக்கியளா?" என்றாள். தோளில் கிடந்த துவர்த்தால் முகத்தைத் துடைத்தாள்.

"அடங்குது. ராணி உண்டு, மூடு" என்றது போன். மூடுவதற்கு ஒன்றும் இல்லை, பெட்டி மூடித்தான் இருந்தது. திறந்து பார்த்த காலத்துப் பழக்கம், வாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதற்கடுத்த சில பெட்டிகளும் அப்படியே. பிறகு ஒன்று இழுத்தது. எனக்கே கேட்டது, உள்ளே யாரோ முனகுகிற மாதிரி. அவள் தலையில் கை வைத்தாள்.

"இழுக்குது. ராணி இல்ல. அடை எடுத்து வையி."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம், பழைய போனில், இவ்வளவு துல்லியமாகக் கேட்கிற ஒரு காது! கிடைத்துவிட்டது கதை என்று உள்ளுக்குள் துள்ளினேன். அந்தத் துள்ளலில் கால் சறுக்கியது. அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே மற்றக் கையால் அடுத்த பெட்டியைத் தட்டினாள், தட்டிய கையாலேயே போனை ஒட்டி வைத்தாள்.

"கேக்கியளா?"

பதில் இல்லை. பெட்டிக்குள் சத்தம் எழும்பி எப்போதோ அடங்கிவிட்டது.

"கேக்கியளா?"

போன் பேசவில்லை. நான் சன்னலைப் பார்த்தேன். அவர் எழுந்து வலையோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். ஏதோ ஆகிவிட்டதென்று எனக்குப் பதறியது. அவள் பதறவில்லை. என் கையை விட்டாள். துவர்த்தை எடுத்து முகத்தைத் துடைத்தாள், நிதானமாக, நெற்றி முதல் நாடி வரை.

"அடங்குது" என்றது போன். "ராணி உண்டு, மூடு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டாள்.

"காது கேக்காது டீச்சரே அவியளுக்கு" என்றாள். "பக்கத்துல நிண்ணு மொகம் பாத்துப் பேசினா வெளங்கும். போன்ல சுத்தமாட்டு கேக்காது. அண்ணைக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பாத்தேன் பாருங்க, அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. போன்ல கேக்கல, அதான் காதை வைக்கப் போயிருக்காவ. இனியும் போவாவ. என்ன செய்ய? நானே கேட்டுக் கேட்டுப் படிச்சேன். ராணி உண்டுன்னா மொகத்தைத் தொடைப்பேன். இல்லன்னா தலையில கை. அவிய சன்னல் வழியா பாத்துப் பாத்து அதைக் கண்டுபிடிச்சிட்டாவ. நான் தெரியாம செய்யுதேன்னு அவியளுக்கு நெனைப்பு. போன்ல கேட்டுச் சொல்லுறது மாதிரியே சொல்லுவாவ. அப்படியே இருக்கட்டும். வேலை இருக்குன்னு நெனைக்கிற வரைக்கும் இறங்க மாட்டாவ."

இவர் ஏன் யாரையும் பேச விடாமல் பேசுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பேச விட்டால் கேட்க வேண்டும். என் எரிச்சலை நினைத்து வெட்கப்பட்டேன்.

வெயில் சாய்ந்து ஈக்கள் எல்லாம் பெட்டிக்குள் அடைந்தன. அவள் ஒவ்வொரு பெட்டியின் வாசலையும் இலை வைத்து அடைத்தாள். பிறகு வீட்டைப் பார்த்துக் கையசைத்தாள். இது தினமும் நடப்பதாம். அவர் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, கோயிலுக்கு வருகிற மாதிரிப் பதனமாக அடியெடுத்து வைத்து வந்தார். காதை வைக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்த மங்கலில் பெட்டிகளும் மரங்களும் அவரும் ஒரே நிறமாகிவிட்டார்கள். 

நான் சறுக்கிய இடத்துப் பெட்டிக்கு வந்ததும் நின்றார்.

"ஏட்டி, இதுக்கு நீ மொகம் தொடைக்க நேரமாயிட்டே."

அவள் என்னைப் பார்த்தாள்.

"டீச்சர் கைய பிடிச்சிட்டு நிண்ணியா? எனக்கு ஒண்ணும் புரியல. அங்க தனியா நிண்ணு பயந்துட்டேன்."

"தெரியுமா?" என்றாள் அவள். சத்தமே வெளியே வரவில்லை. அவர் அவள் உதட்டைப் பார்த்தார்.

"ஒரு ஈ கூடப் பறக்காத நாளும் நீ மொகம் தொடைப்ப. வேர்க்காத மழையிலயும் தொடைப்ப. தெரியாம இருக்க நான் என்ன மரமா?" சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கேக்கலன்னு சொன்னா நீ தனியா பெட்டியத் தொடமாட்டன்னு நெனைச்சேன். உனக்குத்தான் பயமாச்சே. இப்ப நீ தனியாத்தான் செய்யுதன்னு தெரிஞ்சு போச்சு. அந்தக் கல்யாணத்தண்ணைக்கு உன் மொகத்தைப் பாத்தேன் ஏட்டி. பொறகு பகல்ல நான் எறங்கல, இனியும் எறங்க மாட்டேன். நீ கொடைக்குப் போயிட்டு வா."

"போன் எடுப்பியளா?"

"மணி கேக்காது. நடுங்குறது தெரியும்." உள்ளங்கையைக் காட்டினார். "கையிலயே வச்சிருப்பேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். தலையில் வலை இருந்ததால் துடைத்துக்கொள்ளக்கூட வழியில்லை.

கொடையன்று காலையில் என் ஸ்கூட்டரில்தான் அவளை அழைத்துப் போனேன். "வழி கேக்காம போற மொத ஞாயித்துக்கிழமை" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். புடவை கட்டியிருந்தாள். மடியில் ஒரு தூக்குவாளி, அதில் அரிசிமாவும் சிறுபயறும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த மண்டையப்பம். தலைநோவு தீர மண்டைக்காட்டு அம்மனுக்கு வைக்கிற நேர்ச்சை அது. உங்கள் வீட்டுக்காரருக்குத் தலைவலியா என்று கேட்டேன். "காதும் மண்டையிலதானே டீச்சரே இருக்கு" என்றாள்.

ஊடு வழியாகவே போனோம். ரப்பர் முடிந்து வாழை வந்தது, வாழை முடிந்து தென்னை வந்தது, பிறகு உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அவள் வழி முழுக்க ஒரு கையில் போனைப் பிடித்திருந்தாள். கோயில் வாசலில் நிற்க இடமில்லை. மேளம் நெஞ்சுக்குள் இடித்தது. நேர்ச்சையை வைத்துவிட்டு வெளியே வந்தபோது உச்சி வெயில். பெட்டிகளில் ஈ நிறையப் பறக்கிற நேரம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

கடல் பக்கமாக ஒதுங்கி நின்று அவள் நம்பரை அழுத்தினாள், ஸ்பீக்கரைப் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அவள் என் தோளைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

எடுத்தார். சன்னலோரத்தில்தான் டவர். எடுத்தார் என்றால் அங்கேதான் இருக்கிறார்.

"கேக்கியளா?" என்றாள், எப்போதும் போல.

போனில் பதில் இல்லை. மேளம் இங்கே அடித்துக்கொண்டிருந்தது, அங்கே அது அவருக்குக் கேட்காது. பார்ப்பதற்கும் எதிரில் அவள் இல்லை, காலியான சரிவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்தக் குரல் வந்தது. "அடங்குது. ராணி உண்டு, மூடு."

அவள் போனை அணைத்தாள். முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள், நிதானமாக, நெற்றி முதல் நாடி வரை.